கொங்கு நாட்டிலிருந்து அந்தமானுக்கு: முதன்முறை தீவுக்குச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

கோபியிலோ பொள்ளாச்சியிலோ திருப்பூரிலோ பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறும் வாய்க்காலும் அணைக்கட்டும்தான் நினைவுக்கு வரும். கடல் என்பது திருச்செந்தூருக்கோ இராமேசுவரத்துக்கோ போகும்போது கால் நனைத்துவிட்டுத் திரும்பும் இடம். அப்படிப்பட்ட நாம் நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் ஒரு வாரம் தங்கப் போகிறோம் என்றால், கிளம்புவதற்கு முன்பே சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. குடும்பத்தோடு இருமுறை அந்தமான் சென்று வந்த பிறகு, அக்கம்பக்கத்தில் பயணம் கிளம்புகிறவர்கள் என்னிடம் விவரம் கேட்க வருகிறார்கள். ஐந்து நாளில் எத்தனை இடம் பார்க்கலாம் என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கிறது. தீவில் நம் நாளை நடத்துவது வெயிலும் ஓதம் எனும் கடலின் ஏற்ற இறக்கமும் படகும்தான். இடங்களைக் குறைத்துக்கொண்டு இந்த மூன்றுக்கும் இசைந்து நடப்பவர்களுக்கே அந்தத் தீவுகள் தம்மைக் காட்டுகின்றன என்பதே என் பதில்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை நீடிக்கிறது. அதன்பின் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்றும் வங்கக் கடலில் உருவாகும் புயல்களும் வந்துவிடுகின்றன. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குத் தொடர்ச்சியாக நீண்ட விடுமுறை கிடைப்பது தீபாவளியை ஒட்டித்தான். அந்த ஒரு வாரத்தில் அந்தமான் போய்வரலாம் என்று பலரும் திட்டமிடுகிறார்கள். ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் கடல் பயணத்துக்கு நம்பத்தக்க மாதங்கள் அல்ல. படகு நின்றுவிட்டால் அறைக்குள் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறைக் கூட்டம் நிறைந்திருக்கும். என்னைக் கேட்டால், தைப்பூசத்துக்குப் பழநி போய் வந்த பிறகு, மாசியிலும் பங்குனியிலும் செல்வதே சிறந்தது. அப்போது கடல் அடங்கியிருக்கும், நீரின் தெளிவும் நன்றாக இருக்கும், கூட்டமும் குறைவு. பிள்ளைகளின் பள்ளித் தேர்வு இடிக்குமென்றால் பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளலாம், அல்லது ஏப்ரலில் தேர்வு முடிந்த கையோடு கிளம்பி மே பிறக்கும் முன் திரும்பிவிடலாம்.

போகும் வழி

பெரும்பாலானோர் சென்னை வழியாகச் செல்கிறோம். சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டேகால் மணி நேரம். கப்பலும் உண்டு; ஆனால் அது மூன்று நாள் வரை எடுத்துக்கொள்ளும் என்பதால், முதல் பயணத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பல விமானங்கள் அதிகாலையிலும் காலையிலும் கிளம்புகின்றன. கோவையிலிருந்து இரவு ரயிலேறி விடியலில் சென்ட்ரலில் இறங்கி, அப்படியே விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் பயணம் முழுவதும் குலைந்துவிடும். முந்தைய நாள் பகல் வண்டியில் வந்து, சென்ட்ரலிலிருந்து மெட்ரோ ரயிலில் நேரே மீனம்பாக்கத்துக்குப் போய், அருகில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். திரும்பும் நாளில் இரவு வண்டி பொருத்தமாக இருக்கும்.

பெயர் மாற்றங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீப் என்றும், நீல் தீவு ஷஹீத் தீப் என்றும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீப் என்றும் பெயர் மாறின. போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. சீட்டில் புதுப்பெயர் இருக்கும். ஆட்டோக்காரரும் கடைக்காரரும் பழைய பெயரையே சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாமல் படகுத்துறையில் பதறி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தீவுகளுக்குச் செல்ல இந்தியக் குடிமக்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் ஒவ்வொருவரின் ஆதார் போன்ற அடையாள அட்டையின் அசலும் கையில் இருக்க வேண்டும். நிக்கோபார் தீவுகள் சுற்றுலாவுக்குத் திறக்கப்படவில்லை.

நாள்களை எப்படி அடுக்குவது

ஆறு இரவுகள் போதும். இறங்கும் நாள் போர்ட் பிளேரில். மறுநாள் காலைப் படகில் ஸ்வராஜ் தீப் சென்று அங்கே இரண்டு இரவுகள். பிறகு ஷஹீத் தீப்பில் ஓர் இரவு. கடைசி இரண்டு இரவுகளும் மீண்டும் போர்ட் பிளேரில். இந்த வரிசையை மாற்றிப் போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது பட்டறிவினால்தான். முதல்முறை சென்றபோது, ஏற்பாடு செய்து கொடுத்தவரின் பேச்சை நம்பி, விமானம் ஏறும் நாள் காலை வரை நீல் தீவிலேயே தங்கினோம். அன்று காற்று எழுந்து படகை நிறுத்திவிட்டார்கள். விமானம் போய்விட்டது, ஆறு பேருக்குப் புதிதாகச் சீட்டு வாங்கிய செலவில் இன்னொரு பயணமே போயிருக்கலாம். விமான நாளுக்கு முந்தைய பகல் முழுவதும் போர்ட் பிளேரில் இருப்பதுபோல் வைத்துக்கொண்டால், ஒரு நாள் படகு நின்றாலும் தாங்கும். கடலுக்கடியில் மூழ்கியவர்கள் உடனே விமானம் ஏறக்கூடாது என்ற விதிக்கும் இந்த இடைவெளி உதவும். அதைப் பின்னால் விளக்குகிறேன்.

இறங்கிய முதல் நாள்

அங்கே போனதும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது சூரியனை. நம்மைவிட ஏறத்தாழ பதினாறு பாகை கிழக்கே இருந்தும் கடிகாரம் மட்டும் நம்முடையதே என்பதால், அங்கே பொழுது நமக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே விடிந்து, முன்னதாகவே சாய்ந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காலை ஒன்பது மணிக்குப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்புகிறவர்கள் பாதி நாளை இழந்துவிட்டார்கள் என்று பொருள். தோட்டத்து வேலைக்கு எழுவதுபோல் நாலரை, ஐந்து மணிக்கு எழுந்துவிடுங்கள்; கடலும் அப்போதுதான் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

முதல் நாள் செல்லுலார் சிறைக்குப் போதும். 1896 இல் தொடங்கி 1906 இல் கட்டி முடிக்கப்பட்ட இந்தச் சிறையின் ஏழு கிளைகளில் மூன்றே இன்று எஞ்சியுள்ளன; 1979 இல் தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணிக்கப்பட்டது. முற்றத்தில் கைதிகள் இழுத்த செக்கைக் காட்டும் இடத்தில் பிள்ளைகளைச் சற்று நிறுத்தி, 1908 இல் தண்டனை பெற்ற வ.உ.சிதம்பரனார் நம் கோவைச் சிறையில் இதே போன்ற செக்கை இழுத்த செய்தியைச் சொல்லுங்கள். என் மகள் அன்று கேட்ட கேள்விகளுக்கு ஊர் திரும்பிய பிறகும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாலையில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சி இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். பெரியவர்களுக்கு முன்கூட்டியே கதையைச் சொல்லிவிட்டால் அவர்களும் ஒன்றிப் பார்ப்பார்கள்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி அத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். போர்ட் பிளேரில் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. அபர்தீன் பஜாரில் தமிழ்க் குரல் காதில் விழாமல் நூறு அடி நடக்க முடியாது. எங்கள் அத்தை அங்கே ஒரு காய்கறிக் கடையில், "ஏனுங், நீங்க எந்தூருங்க?" என்று கேட்டுப் பேச்சுக் கொடுத்ததில் அரை மணி நேரம் போய்விட்டது.

அன்று மாலையே வங்கி இயந்திரத்தில் தேவையான பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கண்ணாடியிழை வடம் போட்ட பிறகு இணையம் மேம்பட்டிருக்கிறது என்றாலும், சிறு தீவுகளில் தொடர்பு அறுந்துவிட்டால் கைபேசியில் பணம் செலுத்த முடியாது.

படகு

அரசுப் படகு, தனியார் விரைவுப் படகு என இருவகை உண்டு. தனியார் படகில் ஸ்வராஜ் தீப் போக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அரசுப் படகுக்குச் சற்றுக் கூடுதலாகும், கட்டணம் மிகக் குறைவு. விமானச் சீட்டு எடுத்தவுடன் படகுச் சீட்டையும் எடுத்துவிடுங்கள். அறையை அதன் பிறகு பதிவு செய்வதே சரியான வரிசை. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகத் துறையில் இருக்க வேண்டும்.

மலைப்பாதைப் பேருந்தில் தலைசுற்றுகிறவர்களுக்குப் படகிலும் சுற்றும். வால்பாறைக்கோ ஊட்டிக்கோ போகும்போது யார் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்திருப்பார்களோ, அவர்களைப் படகின் நடுப்பகுதியில் உட்கார வையுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. கைபேசியைக் குனிந்து பார்க்காமல், தொலைவில் கடலும் வானும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்டிலி போதும். மாத்திரை போடுவதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் தொடங்கிய பின் போட்டுப் பெரிய பயனில்லை.

கடலுக்குள் இறங்குவதற்கு முன்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நம் ஊரில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. சுரைப்புருடையை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்துப் பழகியவர்கள் நாங்கள். ஆனால் கிணற்றுத் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கும். கடல் நீர் இடம்விட்டு இடம் இழுக்கும். கிணற்றில் நீந்தத் தெரிந்தவருக்குக் கடலிலும் தெரியும் என்ற துணிவுதான் ஆபத்தானது.

ஓதத்தை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஒரு நாளில் இருமுறை கடல் ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. அந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே போர்ட் பிளேரில் ஏறத்தாழ ஓர் ஆள் உயர வேறுபாடு இருக்கும்; நீரின் இழுப்பும் அப்போது அதிகம். அட்டமி, நவமியை ஒட்டிய நாள்களில் அந்த வேறுபாடு குறைந்துவிடும். நாம் அட்டமி, நவமியில் எந்த நற்காரியத்தையும் தொடங்குவதில்லை. ஆனால் புதிதாகக் கடலில் முகம் புதைத்துப் பவளப்பாறை பார்க்க விரும்புகிறவர்களுக்கு, காற்றும் சாதகமாக இருந்தால், அந்த நாள்களே ஏற்றவை. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியைப் பார்த்தே பயண நாளை ஓரளவு தேர்ந்தெடுத்துவிடலாம். அன்றன்றைய ஏற்றம் வற்றம் எந்நேரம் என்பதைத் தங்கும் விடுதியிலும் படகுக்காரரிடமும் கேட்டு, அதற்கேற்பத் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வற்றத்தில் நீர் முழங்காலுக்கும் குறைந்து, பவளப்பாறைகள் காலை அறுக்கும் நிலையில் இருக்கும் கரைகள் உண்டு.

அலையடிக்கும் கரையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் நீர் அமைதியாகத் தெரிந்தால், அங்கே இறங்க வேண்டாம். கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அதுவாக இருக்கக்கூடும். அந்த இழுப்பில் சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, பிறகு கரை சேர வேண்டும். கீழ்பவானி வாய்க்காலில் குளித்துப் பழகியவர்களுக்கு இது புரியும்: நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி யாரும் வென்றதில்லை.

உவர்நீர் முதலைகள் அத்தீவுகளில் வாழ்கின்றன. கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளை ஒட்டியும் எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால் நனைக்கவும் கூடாது; காவலர் இருக்கும் பகுதியில், பகல் வெளிச்சத்தில் மட்டுமே குளியுங்கள்.

உடையைப் பற்றியும் ஒரு சொல். நனைந்த சேலையும் துப்பட்டாவும் உடலோடு சுற்றிக்கொண்டு நீரில் பெருஞ்சுமையாகிவிடும். பெண்கள் இறுக்கமான கால்சட்டையும் முழுக்கை டீசர்ட்டும் அணிந்து இறங்கினால் வெயிலிலிருந்தும் காப்பு கிடைக்கும்.

ஸ்வராஜ் தீப்பில் இரண்டு நாள்

ராதாநகர் கடற்கரையை 2004 இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றது. 2020 இல், தூய்மையான, பாதுகாப்பான கடற்கரைகளுக்கு வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றும் பெற்றது. மேற்கு நோக்கிய கரை என்பதால் அங்கே மாலையில் இருங்கள். காலாபத்தர் கிழக்கு நோக்கியது; விடியலில் அங்கே போகலாம்.

பவளப்பாறைகளைப் பார்க்க எலிஃபன்ட் கடற்கரைக்குக் காலை முதல் படகிலேயே சென்றுவிடுங்கள். மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்ட யானைகள் இத்தீவுகளில் கடலில் நீந்தப் பழகியிருந்தன. டாப்ஸ்லிப்பில் யானை முகாமைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, ஹேவ்லாக்கில் வாழ்ந்து 2016 இல் இறந்த ராஜன் என்ற நீந்தும் யானையின் கதை மிகவும் பிடிக்கும். ஸ்நார்க்கெல் (மூச்சுக்குழாயோடு நீர்மேல் மிதந்து பார்ப்பது) முகமூடி பொருந்துகிறதா என்று பார்க்க, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டி நின்றால் அது உங்களுக்கு உரியது. மீசை வைத்திருப்பவர்களுக்கு மேலுதட்டுப் பக்கம் சிறிது நீர் கசியும், பதற வேண்டாம். இடுப்பளவு நீரில் நின்று, வாயால் மட்டும் மூச்சு விடுவதைப் பத்து நிமிடம் பழகிய பிறகே உள்ளே போங்கள். பவளம் கல் அல்ல, உயிர். அதன்மேல் நிற்கவோ அதைத் தொடவோ கூடாது. அது விரலளவு வளரவே பல ஆண்டுகள் ஆகக்கூடும்.

காற்று உருளையை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் மூழ்கும் ஸ்கூபா செய்ய நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பயிற்சியாளர் உடன் பிடித்துக்கொண்டே இருப்பார். பத்து வயது நிறைந்திருக்க வேண்டும். ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் இறங்கக்கூடாது. சளி பிடித்திருந்தால் அந்த நாளைத் தள்ளிப் போடுங்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இருமடங்கு என்பதால், இறங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிக் காதை அடிக்கடி சமன் செய்ய வேண்டும்; வலி வந்தபின் அல்ல, வருவதற்கு முன்பே. உள்ளே எக்காரணத்துக்காகவும் மூச்சை அடக்காதீர்கள். கிணற்றில் முங்கு நீச்சல் போட்டவர்களுக்கு அது பழக்கமாகவே வந்துவிடும்; ஆனால் அழுத்தக் காற்றைச் சுவாசித்தபடி மூச்சை அடக்கி மேலே வந்தால் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும் என்பதால், மூழ்கிய பின் 18 முதல் 24 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. உடல்நலப் படிவத்தை நிரப்பச் சொல்லாத, ஆழமற்ற நீரில் முதலில் பயிற்சி தராத இடத்தில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் இறங்காதீர்கள்.

விடியலிலும் அந்தியிலும் மணல் ஈக்கள் கடிக்கும். சொறிந்தால் நாள் கணக்கில் நமைச்சல் இருக்கும். எங்கள் வீட்டில் காங்கேயத்துத் தேங்காய் எண்ணெயைக் கை கால்களில் கனமாகப் பூசிக்கொண்டோம், கடி குறைந்தது.

ஷஹீத் தீப்

சிறிய, அமைதியான தீவு. அந்தமானின் காய்கறித் தோட்டம் என்று பெயர் பெற்றது. சைவ உணவுக்காரர்களுக்கு ஆறுதல் தரும் இடம். கடலரித்த இயற்கைப் பாறை வளைவைப் பார்க்க வற்றத்தில் மட்டுமே போக வேண்டும். வழுக்கும் பாறைகள் என்பதால் முதியவர்களைக் கரையிலேயே இருக்கச் சொல்லலாம். லட்சுமண்பூரில் சூரிய மறைவு, சீதாபூரில் சூரிய உதயம். வேறு திட்டம் வேண்டாம்.

பாராடாங் பற்றி

வாகனக்காரர்கள் பாராடாங் தீவுக்குப் போகலாம் என்று அழைப்பார்கள். சேற்று எரிமலையும் சுண்ணாம்புக் குகையும் அங்கே உண்மையில் உண்டு. ஆனால் அந்தச் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் ஊடே போகிறது. 2002 இல் உச்ச நீதிமன்றமே அதை மூடச் சொன்னது. 1956 ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் கீழ் அவர்கள் பகுதி காக்கப்படுகிறது. நிழற்படம் எடுப்பதும் உணவு கொடுப்பதும் வண்டியை நிறுத்துவதும் தடை. விதியை மீறாமல் போனாலும், அவர்கள் கண்ணில் படுவார்களா என்று சன்னல் வழியே தேடிக்கொண்டு போவது மனிதரைக் காட்சிப் பொருளாக்குவதாகும். நாங்கள் இருமுறையும் போகவில்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

கடைசிப் பகல்

போர்ட் பிளேருக்குத் திரும்பிய மறுநாளை வண்டூரிலிருந்து மகாத்மா காந்தி கடற் தேசியப் பூங்காவுக்கு ஒதுக்கலாம். 1983 இல் அமைக்கப்பட்ட அப்பூங்காவில் ஜாலிபாய், ரெட்ஸ்கின் ஆகிய தீவுகளைப் பருவத்துக்கேற்ப மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். பிளாஸ்டிக் எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது; எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டிலை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்கள் ராஸ் தீவைப் பார்த்துவிட்டு, மாலையில் சிடியாதாப்பூவுக்குப் போகலாம். சிவப்பு நிறப் பழைய இருபது ரூபாய் நோட்டு வீட்டில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்; அதன் பின்புறத்தில் இருக்கும் கலங்கரை விளக்கமும் தென்னைகளும் நார்த் பே கரையின் காட்சிதான்.

அன்றிரவு பெட்டியைக் கட்டுவதற்கு முன், ஒவ்வொருவரின் பையையும் உதறிப் பாருங்கள். பவளத்துண்டு, சங்கு, கரையோரச் சிப்பி எதையும் எடுத்து வரக்கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, விமான நிலையச் சோதனையில் பிடித்துவிடுவார்கள். கடையில் வாங்கிய சிப்பிப் பொருளாக இருந்தால் உரிமம் பெற்ற கடையா என்று கேட்டு, ரசீதைக் கையில் வைத்திருங்கள். பெரியவர்கள் யாரும் எடுக்காவிட்டாலும் சிறுபிள்ளைகளின் கால்சட்டைப் பையில் எப்படியும் இரண்டு மூன்று இருக்கும். ஒவ்வொரு கரையிலிருந்து கிளம்பும்போதும் அந்தப் பைகளை அங்கேயே வெளியே இழுத்துவிட்டு, மணலோடு சேர்த்து எல்லாவற்றையும் அந்தக் கரையிலேயே கொட்டிவிடச் செய்யுங்கள்.